நீடித்துச் செயற்படும் இன்சுலினும் மருந்தளவு நிர்ணயமும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்சுலினும் இதற்கு விலக்கன்று. 1921 ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லவுட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடெரிக் பான்ரிங்கும் சார்ல்ஸ் பெஸ்ற்றும் நாய்களின் சதையியிலிருந்து பிரித்தெடுத்த சாறு பற்றிய கதை பலரும் அறிந்ததே. 1922 சனவரி 11 ஆம் திகதி லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முறையாக ஏற்றப்பட்டது. அது போதிய தூய்மை பெறாதிருந்தமையாற் பயன் குறைவாகவே இருந்தது. ஜேம்ஸ் கொலிப் தூய்மைப்படுத்திய சாறு சனவரி 23 ஆம் திகதி ஏற்றப்பட்டபோதே சிறுவனின் குருதியிற் குளுக்கோசு தெளிவாகக் குறைந்தது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஆயின், கதை முடிந்ததாகக் கருதப்படும் இந்த இடத்திலேதான் வேறொரு கதை தொடங்குகின்றது. மருந்து கிடைத்துவிட்டது, எவ்வளவு கொடுப்பது? இன்சுலினுக்கு இவ்வினா ஏனைய பல மருந்துகளிலும் பார்க்கக் கூர்மையானது. அளவு குறைந்தால், இன்சுலினை அறவே சுரக்காத நோயாளி சில நாட்களில் மயக்கநிலையுற்று இறக்கக்கூடும். ஓரளவு சுரப்பவரின் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஆண்டுக்கணக்கிற் சிதைவுறும். அளவு மிஞ்சினால், சில மணிநேரத்துள் குருதிக் குளுக்கோசு வீழ்ந்து வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம். அதுமட்டுமன்று; ஒருவருக்குப் பொருத்தமான அளவு மற்றொருவருக்குப் பொருந்துவதில்லை. உடல் நிறை, உணவு, உழைப்பு, நோயின் வகை, உடலில் எஞ்சியிருக்கும் சுரப்பு ஆகிய அனைத்தும் அதனைத் தீர்மானிக்கின்றன. எனவே சரியான அளவென்பது முன்கூட்டியே கணித்துவிடக்கூடியதொன்றன்று. படிப்படியாகத் தேடிக் கண்டடையப்படவேண்டியதொன்று.

இத்தேடல் எக்கருவிகளைக்கொண்டு நடந்தது, அளவை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அக்கருவிகளும் அதிகாரமும் எவ்வாறு கைமாறின என்பவற்றை, ஒரு நாள் முழுதும் செயற்படுமாறு ஆக்கப்பட்ட இன்சுலின் வகைகளை முதன்மையாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது சிகிச்சைக் கைந்நூலன்று. ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பேயாகும்.

1. அலகு என்னும் முதற் பிரச்சினை

அளவைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் அளக்கும் அலகு வேண்டும். தொடக்ககால இன்சுலின், இரசாயன அமைப்பு அறியப்படாத ஒரு சாறு. ஒரு நாளைய தயாரிப்பும் மறுநாளைய தயாரிப்பும் ஒரே வலிமையுடையனவாக இருக்கவில்லை. நிறுத்து அளப்பதிற் பயனில்லை. அது செய்யும் வேலையைக்கொண்டே அதனை அளக்கவேண்டியிருந்தது. ஆகவே, 24 மணிநேரம் உணவின்றி வைக்கப்பட்ட ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையுடைய முயலொன்றின் குருதிக் குளுக்கோசை வலிப்பு ஏற்படும் மட்டத்துக்கு, அதாவது 100 மில்லிலீற்றருக்கு 45 மில்லிகிராம் என்னும் மட்டத்துக்கு, இறக்கும் அளவே முதலில் ஓர் அலகெனக் கொள்ளப்பட்டது. மனிதருக்கு இது மிகப் பெரிதாக இருந்தமையாற் பின்னர் அதன் மூன்றிலொரு பங்கு அலகாக்கப்பட்டது. நாடுகளின் சங்கத்தின் சுகாதார அமைப்பு ஹென்றி டேல் போன்ற அறிஞர்களின் முன்முயற்சியுடன் இப்பிரச்சினையைக் கையிலெடுத்ததன் பயனாக, 1925 இல் ஒரு மில்லிகிராமில் 8 அலகுகளைக்கொண்ட உலர்ந்த இன்சுலின் தூள் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. இன்று உலகெங்கும் நோயாளர் 'பத்து அலகு', 'இருபது அலகு' என்று கூறும்போது, அறிந்தோ அறியாமலோ, அந்த முயலையும் அந்த நியமத்தையுமே நினைவுகூருகின்றனர்.

எனினும் அலகு நிலைபெற்றமையால் ஊசியில் ஏறும் அளவு நிலைபெற்றுவிடவில்லை. மில்லிலீற்றருக்கு 20, 40, 80 அலகுகள் எனப் பல வலிமைகளில் இன்சுலின் விற்பனையாயிற்று. பிரித்தானியாவில் நெடுங்காலம் வழங்கிய ஊசிக்குழாயில் ஒரு மில்லிலீற்றர் 20 கோடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கோடு என்பது குப்பியின் வலிமைக்கேற்ப ஓர் அலகாகவோ இரண்டு அலகாகவோ நான்கு அலகாகவோ இருக்கலாம். எழுத்தறிவும் எண்ணறிவும் பார்வையும் குறைந்த நோயாளிக்கு இது எத்துணை அபாயமானது என்பதை விளக்கத் தேவையில்லை. மில்லிலீற்றருக்கு 100 அலகு என்னும் ஒரே வலிமைக்குப் பிரித்தானியா 1983 இலேயே மாறியது. இந்தியாவில் 40 அலகுக் குப்பிகளும் 100 அலகு மருந்துகளும் அருகருகே வழங்கிவந்துள்ளன. 40 அலகுக்குரிய ஊசிக்குழாயில் 20 என்னும் கோடுவரை 100 அலகு வலிமையுடைய மருந்தை எடுப்பவர் 20 அலகன்று, 50 அலகைத் தம்முடலிற் செலுத்துகின்றார். வைத்தியர் எழுதிய எண் சரியாகவே இருந்தாலும் நோயாளி பெறும் அளவு இரண்டரை மடங்காகிவிடுகின்றது.

2. ஒரு நாளைக்கு ஓர் ஊசி

முதற்கால இன்சுலின் விரைந்து கரைந்து, ஆறு முதல் எட்டு மணிநேரத்துள் தன் செயலை முடித்துவிடும். நாளொன்றுக்கு இரண்டு தொடக்கம் நான்கு ஊசிகள் வேண்டியிருந்தன. நள்ளிரவில் உறங்கும் குழந்தையை எழுப்பி ஊசியேற்றிய பெற்றோரும் உளர். இதற்கு மாற்றுக் கண்டது டென்மார்க். உடற்றொழிலியலறிஞர் ஓகஸ்ற் குரோக் 1922 இன் இறுதியில் ரொறன்ரோவுக்குச் சென்று இன்சுலின் தயாரிப்பதற்கான அனுமதியைப் பெற்றுத் திரும்பினார். அவருடைய துணைவியார் மாரி குரோக் மருத்துவராகவும் நீரிழிவு நோயாளியாகவும் இருந்தார். குரோக்கும் ஹான்ஸ் கிறிஸ்ரியன் ஹகெடோர்ணும் 1923 இல் நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வுகூடத்தை நிறுவினர்.

ஹகெடோர்ணின் சிந்தனை எளியது, ஆயின் ஆழமானது. இன்சுலின் அமிலக் கரைசலிற் கரையும். pH பெறுமானம் ஏறத்தாழ 5.4 ஆகும்போது அதன் கரைதிறன் மிகக் குறையும்; உடலிழையத்தின் 7.4 இல் மீண்டும் விரைவாகக் கரையும். இக்கரையாப் புள்ளியை உடலிழையத்தின் பெறுமானத்துக்கு அண்மையில் நகர்த்திவிட்டால், ஏற்றப்பட்ட மருந்து தோலின் கீழ் வீழ்படிவாகத் தங்கிச் சிறிது சிறிதாகவே குருதியிற் கலக்குமன்றோ? ட்ரவுட் மீனின் விந்திலிருந்து பெறப்பட்ட புரொற்றமின் என்னும் காரத்தன்மை மிக்க புரதத்தை இன்சுலினுடன் சேர்த்து இதனைச் சாதித்தார். அவரும் அவருடைய குழுவினரும் 1936 இல் இம்முடிவுகளை வெளியிட்டனர். அதே ஆண்டில் ரொறன்ரோவில் ஸ்கொற், பிஷர் ஆகியோர் நாகத்தைச் சேர்த்து இச்செயலை 24 மணிநேரத்துக்கும் அப்பால் நீடிக்கச் செய்தனர். பொஸ்ரன் நகரின் புகழ்பெற்ற நீரிழிவு மருத்துவர் எலியட் ஜொஸ்லின், பான்ரிங் யுகத்தை அடுத்து 'ஹகெடோர்ண் யுகம்' பிறந்துவிட்டதாகவே கருதினார்.

இதன்பின் வந்தவை இவ்வழியின் செப்பங்களே. இன்சுலினும் புரொற்றமினும் ஒன்றுக்கொன்று மிஞ்சாதவாறு சமன்செய்யப்பட்ட என். பி. எச். இன்சுலின் நோர்டிஸ்க் ஆய்வுகூடத்தில் 1946 இல் உருவாகி 1950 இல் விற்பனைக்கு வந்தது. நோவோ நிறுவனத்தின் ஹலாஸ்-மொல்லர் 1950 களின் தொடக்கத்தில் புரொற்றமினின்றி நாகத்தின் துணையுடன் மட்டும் 'லென்ரே' வகைகளை ஆக்கினார்.

3. காணமுடியாத இரவு

நாளுக்கோர் ஊசி என்பது நோயாளருக்குப் பெரும் விடுதலை என்பதை மறுக்கவியலாது. ஆயினும் அவ்விடுதலையோடு ஒரு புதிய இருளும் வந்துசேர்ந்தது. விரைந்து செயற்படும் இன்சுலினின் விளைவு ஏற்றிய சில மணிநேரத்துள் தெரிந்துவிடும். காலையில் ஏற்றப்பட்ட புரொற்றமின்-நாக இன்சுலினோ, நோயாளி உறங்கும் பின்னிரவிலும் செயற்பட்டுக்கொண்டிருந்தது. இன்றைய அளவின் விளைவோடு நேற்றைய அளவின் எச்சமும் கலந்தது. ஆகவே அளவை மாற்றியபின் அம்மாற்றத்தின் முழு விளைவைக் காண்பதற்குச் சில நாட்கள் காத்திருக்கவேண்டியிருந்தது.

இவ்விளைவைக் காண நோயாளியிடம் இருந்த ஒரே வழி சிறுநீர்ப் பரிசோதனை. நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் அறிமுகமான பெனடிக்ற் கரைசலைச் சிறுநீருடன் கொதிக்கவைத்து, நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும் நிறத்தைக்கொண்டு குளுக்கோசை மதிப்பிட்டனர். இம்முறையின் அடிப்படைக் குறைபாடு கரைசலினுடையதன்று, உடலினுடையது. குருதிக் குளுக்கோசு பொதுவாக 180 மில்லிகிராம் என்னும் மட்டத்தைக் கடந்தாலன்றிச் சிறுநீரகம் அதனை வெளிவிடுவதில்லை. எனவே நீல நிறம் 170 ஐயும் குறிக்கலாம், 100 ஐயும் குறிக்கலாம், உயிருக்கு உலைவைக்கும் 40 ஐயும் குறிக்கலாம். நீடித்த இன்சுலினின் அளவைத் தீர்மானிப்பதற்கு இன்றியமையாத காலை வெறுவயிற்றுக் குருதிப் பெறுமானம் நோயாளியின் கண்ணுக்குப் புலப்படவேயில்லை. வைத்தியசாலையிற் குருதியைச் சோதிக்க இயன்றதாயினும், அது இடையிடையே வரும் ஒரு நாளின் ஒரு கணத்துக்கு மட்டுமே உரியது.

1940 களில் நிகழ்ந்த ஒரு பெரும் விவாதத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும். குளுக்கோசைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தவேண்டுமென்று ஜொஸ்லின் மரபினர் வாதிட்டனர். நோயாளி நலமாக உணர்ந்தாற் போதும், சிறுநீரிற் குளுக்கோசு வெளியேறுவது பொருட்டன்று என்று நியூயோர்க்கின் எட்வேட் ரொல்ஸ்ரோய் போன்றோர் வாதிட்டனர். இரு தரப்பினரும் அனுபவமிக்கவர்களே. ஆயின் அவர்கள் எதைப்பற்றி வாதிட்டனரோ அதனை நாள்தோறும் அளக்கும் கருவி எவரிடமும் இருக்கவில்லை. கருவியில்லாவிடத்தில் அறிவியல் வினா மனப்பாங்கு பற்றிய வினாவாக மாறிவிடுகின்றது. கண்டிப்பான மருத்துவரின் முன் நோயாளி ஒழுக்கம் தவறிய மாணவன்போல் நின்றமைக்கும் இதுவே ஒரு காரணம் எனலாம்.

4. கருவி கைமாறிய வரலாறு

இவ்விருள் விலகுவதற்கு மூன்று மாற்றங்கள் துணைபுரிந்தன. முதலாவது, 1960 களின் நடுப்பகுதியில் ஏம்ஸ் நிறுவனம் வெளியிட்ட, ஒரு துளிக் குருதியைக்கொண்டு குளுக்கோசை மதிப்பிடும் கீற்றும், அதன் நிறத்தைப் படிப்பதற்கென ஏறத்தாழ 1970 இல் வந்த மானியும். இரண்டாவது, சாமுவேல் ரஹ்பர் 1960 களின் இறுதியில் நீரிழிவு நோயாளரின் ஈமோகுளோபினில் அவதானித்த மாற்றம். இதிலிருந்து வளர்ந்த எச். பி. ஏ. 1 சி. சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டுவதாயிற்று. மூன்றாவது, 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1441 பேரிடம் நடத்தப்பட்ட பேராய்வு. முதலாம் வகை நீரிழிவிற் கண்டிப்பான கட்டுப்பாடு கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிதைவைத் தடுக்கின்றதென்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. கூடவே, கடுமையான குளுக்கோசு வீழ்ச்சி ஏறத்தாழ மும்மடங்காவதையும் காட்டியது. ஜொஸ்லினுக்கும் ரொல்ஸ்ரோய்க்கும் இடையிலான வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. சரியான அளவின் இரு எல்லைகளும் முதன்முறையாக எண்களாற் குறிக்கப்பட்டன.

இவற்றுள் முதலாவது மாற்றத்தின் சமூகப் பரிமாணம் சிறப்பாக நோக்கத்தக்கது. குருதிமானி நோயாளருக்கென ஆக்கப்படவில்லை. அது வைத்தியருக்கும் வைத்தியசாலைக்குமே விற்கப்பட்டது. நியூயோர்க்கைச் சேர்ந்த பொறியியலாளரும் நீரிழிவு நோயாளியுமான றிச்சட் பேர்ன்ஸ்ரைன் அதனைத் தாமாக வாங்க இயலவில்லை. மருத்துவராயிருந்த அவருடைய துணைவியாரின் பெயரிலேயே அது பெறப்பட்டது. நாளுக்குப் பலமுறை தம் குருதியைச் சோதித்துத் தமக்குரிய இன்சுலின் அளவைத் தாமே வகுத்துக்கொண்ட அவர், பிற்காலத்தில் மருத்துவம் பயின்று மருத்துவரானார். 1978 இல் லண்டனிலும் நொற்றிங்காமிலும் இயங்கிய இரு மருத்துவக் குழுக்கள், சாதாரண நோயாளர் தம் வீட்டிலேயே குருதியை நம்பகமாகச் சோதிக்கவல்லவர் என்பதைத் தனித்தனியே வெளியிட்ட பின்னரே இவ்வழக்கம் பரவலாயிற்று. நோயாளியால் இயலாதென்பது சோதித்தறியப்பட்ட முடிவன்று, தொழிலொன்றின் எல்லையைக் காத்த ஒரு நம்பிக்கையே என்பது இதனாற் புலனாகின்றது.

5. மூலக்கூறும் முறையும்

1978 இல் மனித இன்சுலின் பற்றீரியாவில் உருவாக்கப்பட்டு 1982 இல் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. மூலக்கூறையே விரும்பியவாறு மாற்றும் ஆற்றல் இதனாற் கிட்டியது. 2000 ஆம் ஆண்டில் அனுமதிபெற்ற கிளார்ஜின் இன்சுலினில் ஓரிடத்திற் கிளைசீனும், சங்கிலியொன்றின் முடிவில் இரண்டு ஆர்ஜினீன்களும் சேர்க்கப்பட்டிருந்தன. இவ்விரு ஆர்ஜினீன்களும் கரையாப் புள்ளியை உடலிழையத்தை நோக்கி நகர்த்தின. ஏற்றியவுடன் வீழ்படிவாகி, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் ஏற்ற இறக்கம் குறைந்த சீரான முறையிற் கசிந்தது. மீனின் புரதத்தைக்கொண்டு ஹகெடோர்ண் செய்ததையே இது மரபணுப் பொறியியல்கொண்டு செய்தது, எண்ணத்தாற் புதியதன்று.

இப்புதிய மருந்தின் மேன்மையை மதிப்பிடுவதற்கென நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதற்கு நிதி வழங்கியது மருந்தை விற்ற நிறுவனமே. வாய்வழி மருந்துகளாற் கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவுள்ள 756 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் கிளார்ஜினையும், மற்றையோர் அரை நூற்றாண்டுப் பழைமையுடைய என். பி. எச். இன்சுலினையும் படுக்கைக்குச் செல்லும் வேளையிற் பெற்றனர். அனைவரும் 10 அலகில் தொடங்கினர். ஒவ்வொரு வாரமும் காலை வெறுவயிற்றுப் பெறுமானம் நோக்கப்பட்டது. அது 100 முதல் 120 வரையாயின் 2 அலகு, 120 முதல் 140 வரையாயின் 4, 140 முதல் 180 வரையாயின் 6, அதற்கும் மேலாயின் 8 அலகு எனக் கூட்டப்பட்டது. 24 வாரங்களின் முடிவில் எச். பி. ஏ. 1 சி. சராசரி ஒரு பிரிவில் 6.96 வீதம், மற்றையதில் 6.97 வீதம். இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ 60 வீதத்தினர் இலக்கை அடைந்தனர். கிளார்ஜினின் மேன்மை இரவுநேரக் குளுக்கோசு வீழ்ச்சி குறைந்தமையில் இருந்தது. அது சிறிய நன்மையன்று.

எனினும் மற்றைய உண்மை மனங்கொள்ளத்தக்கது. பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒரே இடத்தை வந்தடைந்தன; ஏனெனில் இரண்டும் ஒரே முறையால் வழிநடத்தப்பட்டன. அதுவரை பல்லாயிரம் நோயாளர் 10 அலகில் தொடங்கி அதிலேயே, அல்லது சற்று மேலே, ஆண்டுக்கணக்கில் விடப்பட்டிருந்தனர். இவ்வாய்விலோ இறுதிச் சராசரி அளவு இரு பிரிவிலும் 40 அலகுக்கு மேற்பட்டது. குறையாயிருந்தது மருந்தின் ஆற்றல் மட்டுமன்று. அளவை ஒழுங்காகத் தேடும் செயலுமாகும்.

அத்தேடலை நோயாளியிடமே ஒப்படைக்கலாமா என்பது அடுத்த வினா. 2005 முதல் 2007 வரை வெளியான ஆய்வுகள் இதற்கு விடையளித்தன. மூன்று நாட்களுக்கொருமுறை 2 அலகு கூட்டுதல். காலைப் பெறுமானம் இலக்கை அடையும்வரை நாளுக்கு ஓர் அலகு கூட்டுதல். மூன்று நாட்களின் சராசரி 110 ஐ விஞ்சினால் 3 அலகு கூட்டி, 80 இற் குறைந்தால் 3 அலகு குறைத்து, இடைப்பட்டதாயின் மாற்றாதிருத்தல் என்பன அவ்வாய்வுகளில் நோயாளரே கையாண்ட விதிகள். கூட்டலும் கழித்தலும் அறிந்தவர் எவரும் பின்பற்றக்கூடிய இவ்விதிகள், மருத்துவர் வழிநடத்திய முறைக்கு இளைத்தவையல்ல என்பது தெரியவந்தது. இன்றைய வழிகாட்டல்கள் 10 அலகில், அல்லது உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 0.1 முதல் 0.2 அலகில், தொடங்கி இவ்வாறே முன்செல்லுமாறு கூறுகின்றன. விளங்கக்கூடிய காரணமின்றிக் குளுக்கோசு வீழ்ந்தால் 10 முதல் 20 வீதம் குறைக்கப்படும். கிலோகிராமுக்கு 0.5 அலகைக் கடந்தபின்னும் இலக்கு எட்டப்படாவிடின், குறை உணவு வேளைக்குரியதா என்று ஆராயவேண்டும். அதற்குமேல் நீடித்த இன்சுலினைக் கூட்டிச்செல்வது இரவின் அபாயத்தையே கூட்டும்.

6. விதி எளிது, சாதனம் எளிதன்று

இங்கு வரலாறு ஒரு முரண்பாட்டை வந்தடைகின்றது. அளவைத் தேடும் விதி ஒரு சிறு காகிதத்தில் எழுதத்தக்க எளிமையைப் பெற்றுவிட்டது. ஆனால் அவ்விதியைப் பின்பற்றுவதற்கு நாள்தோறும் ஒரு கீற்று, தடையின்றிக் கிடைக்கும் ஒரே வகை மருந்து, அளவு கூடும்போது கூடிய மருந்தை வாங்கும் வசதி ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றும் சந்தையின் வசமே உள்ளன.

1923 இல் ரொறன்ரோ ஆய்வாளர் தம் காப்புரிமையைத் தலா 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு உரித்தாக்கினர். அம்மருந்தின் வழிவந்த கிளார்ஜினின் விலை ஐக்கிய அமெரிக்காவிற் பன்மடங்காக உயர்ந்தது. யேல் பல்கலைக்கழக நீரிழிவு நிலையத்தின் நோயாளரிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், நால்வரில் ஒருவர் விலை காரணமாக எழுதப்பட்ட அளவிலும் குறைவாக இன்சுலினைப் பயன்படுத்தியதாகக் கூறினர். அங்கு மருந்தளவைத் தீர்மானித்தது காலைப் பெறுமானமன்று; பணப்பையே. பொதுமக்களின் எதிர்ப்பும் சட்டத்தின் அழுத்தமும் வலுத்தபின், 2023 இற் பெருநிறுவனங்கள் விலைக்குறைப்பை அறிவித்தன. கிளார்ஜினின் பட்டியல் விலை 2024 சனவரியில் 78 வீதத்தாற் குறைக்கப்பட்டது. இத்துணை குறைப்பதற்கு இடமிருந்ததெனின், முன்னைய விலை உற்பத்திச் செலவைச் சார்ந்து அமைந்ததன்று என்பது வெளிப்படை. அதே காலத்தில், டெற்றமிர் என்னும் மற்றொரு நீடித்த இன்சுலினை ஐக்கிய அமெரிக்காவில் நிறுத்துவதாக அதன் உற்பத்தியாளர் அறிவித்து, 2024 இன் இறுதியோடு நிறுத்தினர். பல மாதங்கள் தேடித் தமக்குரிய அளவைக் கண்டடைந்தோர் வேறொரு மருந்துடன் அத்தேடலை மீளத் தொடங்கவேண்டியவராயினர்.

வறிய நாடுகளில் நிலைமை இதனினும் கடினமானது. உலக சுகாதார தாபனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது. மருந்தைச் சந்தைப் பண்டமாகவன்றிச் சமூகத் தேவையாகக் கருதும் இச்சிந்தனைக்கு நமது நாட்டின் பங்களிப்பும் உண்டு. 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் சமர்ப்பித்த அறிக்கையும், அதன்வழி உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் அப்பட்டியலுக்கு முற்பட்டவை. நீடித்துச் செயற்படும் புதிய இன்சுலின்கள் 2021 இலேயே அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இரண்டாம் வகை நீரிழிவுக்கு இன்சுலின் வேண்டியோரில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கே அது கிடைக்கின்றதென, மருந்து கண்டறியப்பட்ட நூறாவது ஆண்டாகிய அதே 2021 இற் குறித்த தாபனம் தெரிவித்தது. மருந்தே கிடைக்காதோரிடம் அளவைப் பற்றிப் பேசுவதில் என்ன பொருளுண்டு? மருந்து கிடைத்தும் கீற்றுக் கிடைக்காதோர், பெனடிக்ற் கரைசலின் காலத்து இருளிலேயே இன்னமும் இருக்கின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நீடித்த இன்சுலினின் சரியான அளவென்பது மூன்று வரலாறுகளின் கூட்டு விளைவென்பது தெளிவாகும். மருந்தின் செயலை நீட்டிய இரசாயனத்தின் வரலாறு ஒன்று. முயலிலிருந்து கீற்றுவரை வளர்ந்த அளவையியலின் வரலாறு மற்றொன்று. ஆய்வுகூடத்திலிருந்து வைத்தியருக்கும், அவரிடமிருந்து நோயாளிக்கும் தீர்மானிக்கும் உரிமை மெல்ல நகர்ந்தமை மூன்றாவது. முதலாவது வரலாறே நூல்களிற் பெரிதும் பேசப்படுகின்றது. நோயாளரின் வாழ்வை மாற்றியதில் ஏனைய இரண்டின் பங்கு அதற்குக் குறைந்ததன்று. 2003 ஆம் ஆண்டு ஆய்வின் அந்த இரண்டு எண்கள், 6.96 உம் 6.97 உம், இதற்குச் சான்றாகும்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவும் ஒன்றுண்டு. புதிய மூலக்கூறுகளை வாங்க வசதியற்ற சமுதாயம், அதனாலேயே நல்ல கட்டுப்பாட்டை இழக்கவேண்டியதில்லை. மலிவான பழைய இன்சுலினைக்கூட, இரவின் அபாயத்தைக் கருத்திற்கொண்டு, காலைப் பெறுமானத்தைப் பார்த்துப் படிப்படியாக மாற்றினால் இலக்கை அடையவியலும். அதற்கு வேண்டியவை பொதுச் செலவிற் கிடைக்கும் கீற்றுக்கள், தாய்மொழியில் எழுதப்பட்ட எளிய விதி, நோயாளியை நம்பும் மருத்துவ மரபு ஆகியவை. இவற்றுள் எதற்கும் காப்புரிமை இல்லை.